அத்தையின் பதினோரு குச்சிகள்

என் அத்தை தொட்ட மீன் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று பழவேற்காட்டில் எங்கள் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கணவர் இறந்தபின் எங்களோடு இருந்தாள். புகையிலை அடக்கி அடக்கி உள்கன்னத்தில் புற்று வந்து, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கதிர்வீச்சு சிகிச்சை முடித்துத் திரும்பியிருந்தாள். எங்கள் ஊரில் அதை ‘மிஷின் சூடு’ என்றார்கள். கழுத்தில் ஒரு பக்கம் சுட்ட கத்தரிக்காய்த் தோல்போலக் கறுத்து உரிந்துகொண்டிருந்தது.

சிகிச்சை முடிந்தால் தொல்லை முடிந்தது என்று நினைத்தோம். டாக்டர் சொல்லி அனுப்பியதைப் பார்த்தால் அப்போதுதான் ஆரம்பம். வெயில் படக்கூடாது. கழுத்தில் வெறும் தண்ணீரைத் தவிர எதுவும் படக்கூடாது. காரம் கூடாது. புகையிலையை மறந்துவிட வேண்டும். அசதியாக இருக்கும், அதற்காக நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குச்சிகள். நாக்கை அழுத்திப் பார்க்க டாக்டர்கள் வைத்திருக்கும் தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் செருகி, வாய் எவ்வளவு திறக்கிறது என்று தினமும் பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் தாடை இறுகிப்போகும். வந்த அன்று ஒன்பது குச்சி உள்ளே போயிற்று.

பார்க்க வந்தவர்கள் டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஒருத்தி மஞ்சளை அரைத்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி உப்புத் தண்ணீரில் நனைத்த துணியோடு வந்து நின்றாள். அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

“என் கழுத்து இன்னா கருவாடா? ஆளாளுக்கு உப்பும் மஞ்சளும் தூக்கினு வர்றீங்க!”

எனக்கு இரண்டு வேலை. குச்சி எண்ணுவது, தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் உட்காருவது. அத்தைக்கு எச்சில் ஊறவில்லை. “டேய் நைனா, தண்ணி” என்பாள். கொடுத்தால் ஒரே ஒரு வாய். செம்பைக் கீழே வைப்பதற்குள் மறுபடியும் “தண்ணி”. ஒரேயடியாக ஒரு செம்பைக் குடித்துத் தொலைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வரும். பிடிவாதத்துக்குச் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் காலையில் நல்ல நிழல் இருக்கும். பெண்கள் ஏரி மீனை அங்கே கொட்டி, இறால் தனி, நண்டு தனி, மடவை மீன் தனி என்று பிரிப்பார்கள். ஒரு வாரம் ஆனதும் அத்தையும் போய் உட்கார்ந்தாள். கை மீனைப் பிரிக்கும், குழறுகிற வாய் எல்லோரையும் வம்புக்கு இழுக்கும். கல்லறை வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் உண்டு. “இன்னாடி மொறைக்கிற? அந்த எலும்புக்கூட்டுக்கு வாய் எனக்கு மேல தெறக்குது, அதப் போய் மொற” என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். அந்த வாரக் கடைசியில் பதினோரு குச்சி போயிற்று.

எனக்குத்தான் விடுதலை இல்லை. ஏரியில் தண்ணீர் வற்றியிருந்தது. என் வயதுப் பையன்கள் நண்டு பிடிக்கப் போனார்கள். நான் செம்போடு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அத்தை வீட்டுக்குள் இருந்தால் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டேன். எதிர்வீட்டு அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன்:

“அத்தை கையில மிஷின் சூடு இன்னும் எறங்கலக்கா. அது தொட்ட மீனு சீக்கிரம் கொழகொழன்னு ஆயிடுது.”

சூடு பட்டால் மீன் கெடும் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் நம்பினார்கள்.

மறுநாள் யாரும் அத்தையை முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை. கூடைகள் மட்டும் தள்ளிப் போயின. “நீ போய் படுத்துக்கக்கா, ஒடம்பப் பாத்துக்க” என்றார்கள்.

“மீன் பொறுக்கினா உசுரா பூடும்?” என்று அத்தை கத்தினாள். அக்கறையோடு சொல்கிறவர்களிடம் எத்தனை நாள் சண்டை போட முடியும்? நான்காம் நாள் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

நான் நண்டு பிடித்தேன். ஒரு வாரம் கழித்து அம்மா குச்சி எண்ணக் கூப்பிட்டாள். ஏழுதான் போயிற்று. எட்டாவதைச் செருகியதும் அத்தையின் கண்ணில் நீர் வந்துவிட்டது. கஞ்சி ஊட்டும் கரண்டியைச் சாய்த்து வாயோரமாக ஊற்ற வேண்டியிருந்தது. “இப்டியே போனா வாய் பூட்டிக்கும்” என்று அம்மா முணுமுணுத்தாள்.

எதிர்வீட்டு அக்காவிடம் ஓடிப்போய், நான் சொன்னது பொய் என்றேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். “அத்தை மேல எவ்ளோ பாசம் பாரு இதுக்கு!”

உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று தெரிந்ததும் நிரூபித்துக் காட்டக் கிளம்பினேன். ஒரே வலையில் விழுந்த இரண்டு மடவையை வாங்கினேன். ஒன்றை வீட்டுக்குள் படுத்திருந்த அத்தை கையில் கொடுத்துக் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொன்னேன். இன்னொன்றை எதிர்வீட்டு அக்கா பிடித்தாள். இரண்டையும் சுவரோரம் ஒரே பலகையில் வைத்து, எது முதலில் நாறுகிறது பாருங்கள் என்றேன். பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரு பூனை வந்தது. இரண்டையும் முகர்ந்து பார்த்தது. எதிர்வீட்டு அக்கா தொட்ட மீனைக் கவ்விக்கொண்டு ஓடியது.

“பாத்தியாடி, பூனைக்கே தெரியுது!” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

நான் பூனையைத் துரத்திக்கொண்டு எலும்புக்கூட்டு வாசல்வரை ஓடினேன். அது உள்ளே மறைந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதேன். சத்தம் கேட்டு அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் சொன்னேன், பொய் சொன்னதையும் நண்டு பிடிக்கப் போனதையும் பூனை மீனைக் கவ்வியதையும்.

அத்தை என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் பலகையில் மிச்சமிருந்த மீனை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

“அந்தப் பூனை தூக்கினு ஓட முடிஞ்சதத்தான் தூக்கும். பெரிய மீனாப் பாத்து எனுக்கு குடுத்தியேடா, மடையா.”

முதலில் சிரித்தது எதிர்வீட்டு அக்காதான். தன் கூடையை அத்தை பக்கம் நகர்த்தினாள். அத்தை உட்கார்ந்தாள். “தண்ணி” என்றாள். நான் ஓடினேன்.

ஆனாலும் இரண்டு பெண்கள் கடைசிவரை தங்கள் கூடையை அவள் பக்கம் வைக்கவே இல்லை. குச்சி மெல்ல ஏறி ஒன்பதில் நின்றுவிட்டது. பத்தாவது போகவே இல்லை. பதினோராவது குச்சியை நான் பல வருடம் பெட்டியில் வைத்திருந்தேன், என்றாவது போகும் என்று.

போன மாதம் என் தொண்டைக்கு முப்பது முறை கதிர்வீச்சு கொடுத்து அனுப்பினார்கள். இப்போது என் கையில் எப்போதும் ஒரு பாட்டில். ஒரு வாய் குடிக்கிறேன், மறுநிமிடமே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரேயடியாகக் குடித்தால் என்ன என்று யாராவது கேட்டால் பாட்டிலாலேயே அடிப்பேன். யாரும் கேட்பதில்லை. “பேசாதீங்கப்பா, ரெஸ்ட் எடுங்க” என்று மகள் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். மஞ்சள் பூசச் சொல்லி போனில் யோசனை வருகிறது.

அத்தை மீன் பிரிக்கத்தான் அந்தச் சுவரோரம் போனாள் என்று நினைத்திருந்தேன். எனக்கும் குச்சிகள் கொடுத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் வந்து என்னோடு சண்டை போடும் ஞாயிற்றுக்கிழமை பதினொன்று போகிறது. மற்ற நாட்களில் ஒன்பது.