கிள்ளான் கிளையைச் சாத்திய கதை

சாஃப்ட்வேர் கம்பெனியில் கிளை பார்ப்பது என்றால், ஒரே ஓட்டையை மூன்று இடத்தில் அடைப்பது என்று அர்த்தம்.

இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்கிறோம். சிலர் புதுசு கேட்பார்கள், சிலர் பழசை விடமாட்டார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிரதியாக வைத்துப் பராமரிக்க வேண்டும். அந்தப் பிரதிக்குத்தான் பிராஞ்ச் என்று பெயர். பழைய பிராஞ்ச் ஒன்று உயிரோடு இருக்கும்வரை எனக்கு லீவு கிடையாது. போன வருஷக் கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீட்டில் கேக் வெட்டும்போதுகூட நான் போனும் கையுமாக வாசலில் நின்றேன். இந்த வருஷம் என் மனைவி ரெஜினா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "தைப்பிங்குக்கு, எங்கம்மா வீட்டுக்கு, ஒண்ணு நீங்க வரணும், இல்லாட்டி உங்க போன் வரணும். ரெண்டும் சேர்ந்து வரக்கூடாது."

லோன் கிடைக்குமா?

பிரிக்பீல்ட்ஸ் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், ரெஜினா எல்லோரிடமும் "இவருக்கு பிராஞ்ச் பார்க்கிற வேலை" என்று பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு அங்கிள் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், மகன் வீடு வாங்கப் போகிறான் என்று அரைமணி நேரம் பேசினார். அங்கிள், இது பேங்க் இல்லை, கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற பிராஞ்ச் என்று பொறுமையாக விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் என் தோளைத் தட்டினார்.

"புரியுது லா தம்பி, ஆன்லைன் பேங்க்தானே? அதுலயும் லோன் கிடைக்கும்லே?"

தூத்தோப்

எங்கள் பழைய பிராஞ்சில் கடைசியாக மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர். கிள்ளானில் சேலைக்கடை வைத்திருக்கும் பரமேஸ்வரி அக்கா. அதனால் அந்த பிராஞ்சுக்கே "கிள்ளான்" என்று பெயர் வைத்துவிட்டோம். வைத்தோமே, அங்கே பிடித்தது சனி!

தீபாவளி முடிந்ததும் மீட்டிங்கில், "அடுத்த வாரம் கிள்ளான் பிராஞ்சை மூடுறோம்" என்று அறிவித்தேன். வாடிக்கையாளர்களிடம் பேசும் நாடியா புதுசு, நல்ல பொண்ணு, சுறுசுறுப்பு. மறுநிமிஷமே அக்காவுக்குப் போன் போட்டு, கிள்ளான் பிராஞ்ச் அடுத்த வாரம் தூத்தோப், மூடுகிறோம், மன்னிக்கவும் என்று மலாயில் பணிவாகச் சொல்லிவிட்டது. கடையில் வேலை செய்யும் பெண்கள் காதில் இது விழுந்து, ஒருத்தி அழுதே விட்டாளாம். ப்ளவுஸ் தைப்பவர் ஷா ஆலமில் வேறு வேலை விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். நான் மதியச் சாப்பாட்டில் கை வைத்த நேரம் போன் அடித்தது.

"யாருடா அது, என் கடையை என்னைக் கேக்காம சாத்துறவன்?"

கெட்டுப்போன பட்டன்

சமாதானம் பேச கிள்ளானுக்கே போனேன். அக்கா காப்பி கொடுத்தார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. புதுசுக்கு ஏன் மாறமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். கல்லாவைக் காட்டினார். சேலை வாங்க வந்த ஒரு அம்மா, பில் பாதி ஏறியிருந்தபோது, "இருங்க, அந்த மயில் கலரையும் பார்த்துட்டு வரேன்" என்று உள்ளே ஓடினார். கல்லாப் பெண் கேன்சல் பட்டனை இரண்டு தட்டு தட்டினாள். பில் மறைந்தது. அடுத்த ஆளுக்கு பில் போட்டு அனுப்பினாள். மயில் கலர் அம்மா திரும்பி வந்ததும் மறுபடி இரண்டு தட்டு. பழைய பில் அப்படியே வந்து நின்றது!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேன்சல் செய்த பில் அழிய வேண்டும், திரும்பி வரக்கூடாது. அது எங்கள் சாஃப்ட்வேரில் இருந்த பழுது. புதுசில் அதைச் சரிசெய்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"பழுதா? அட போங்க தம்பி, பில்லை இப்படி ஓரங்கட்டி ஓரங்கட்டித்தானே நான் தீபாவளியையே ஓட்டுறேன்!"

குணாவின் சந்தேகம்

அந்தப் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவன் சாலாக் செலாத்தானிலிருந்து வரும் எங்கள் புரோகிராமர் குணா. அதற்காக அவனுக்கு ஆபீஸில் கைதட்டல்கூடக் கிடைத்தது. அவனிடமே போய், பழைய பிராஞ்சிலிருந்து அதைத் தேடி எடுத்துப் புதுசில் ஒட்டவேண்டும், "ஓரங்கட்டு" என்று தனிப் பட்டனே வேண்டும் என்றேன். வேறு வழியில்லை, எனக்குத் தைப்பிங் போயாகணும். குணா நாற்காலியைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணே, ரிப்பேர் பண்ணதுக்குக் கைதட்டுனீங்க, இப்ப கெடுக்குறதுக்கு மாலை போடுவீங்களா?"

தைப்பிங் பயணம்

புதுசு கிள்ளானில் ஏறியது. பட்டன் வேலை செய்தது. பழைய பிராஞ்சை என் கையாலேயே மூடினேன். அந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, பெட்டியெல்லாம் காரில் ஏற்றியாச்சு. ரெஜினா சீட் பெல்ட் போட்டாச்சு. போன் அடித்தது. பரமேஸ்வரி அக்கா. ஸ்பீக்கரில் போட்டேன்.

கடையில் எல்லாம் நன்றாக ஓடுகிறதாம். பழைய கம்ப்யூட்டரை மட்டும் வீச மனமில்லாமல் பந்திங்கில் தங்கச்சி கடைக்குக் கொடுத்துவிட்டாராம். "அதுல பழசுதான் தம்பி ஓடுது. இப்ப ஏதோ முரண்டு பண்ணுதாம். நீங்க பார்த்துக்குவீங்கதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரெஜினா போனைப் பிடுங்கினாள்.

"அக்கா, ஹேப்பி கிறிஸ்துமஸ்! இவரை நான் இப்ப ஓரங்கட்டி வெச்சிருக்கேன், பண்டிகை முடிஞ்சதும் ரெண்டு தட்டு தட்டி அனுப்புறேன்!"

ஆகவே சக பாவிகளே, நம் தொழிலில் மூடிய கிளை என்று ஒன்று கிடையாது, ஓரங்கட்டிய கிளைதான் உண்டு.