ஆறாம் நம்பர் வீட்டுப் போன்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே எந்திரிச்சுப் போயிருவேன், நான் அப்படிப்பட்ட ஆளு. முப்பத்திரண்டு வருஷம் பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவ. மழை பேஞ்சா ஒருத்தர் பேசுறது இன்னொருத்தர் காதுல விழும், செத்த ஆளு குரல் கேட்டுச்சுன்னு எத்தனையோ பேரு என்கிட்ட அழுதிருக்காங்க. ஒயர் நனைஞ்சிருக்கும்மா, வேற ஒண்ணுமில்லன்னு நானே சொல்லி அனுப்பிருக்கேன். அதனால இப்ப நான் சொல்லப்போறத நீங்க நம்பலேன்னா எனக்கு வருத்தமே கிடையாது. உங்க இடத்துல இருந்தா நானும் நம்ப மாட்டேன்.

எங்க வீட்டுக்காரர் போய் ஒம்பது வருஷமாச்சு. மகன் பெங்களூருக்கு வந்துருங்கன்னு கூப்பிட்டான், நான் போகல. தச்சநல்லூர் தாண்டி வயசானவங்களுக்குன்னே வாடகைக்கு வீடு கட்டி விட்டிருக்காங்க, அங்கன வந்துட்டேன். முதியோர் இல்லம்னு நெனச்சுராதீங்க. வீடு நம்ம வீடு, சாவி நம்ம சாவி, சமையல் நம்ம சமையல். ஒரே வரிசையா பத்து வீடு, முன்னால ஆபீஸ்ல செல்வின்னு ஒரு பொண்ணு மேனேஜரா இருக்கா. பாத்ரூம்ல ஒரு கயிறு தொங்கும், விழுந்தா இழுக்கணும், ஆபீஸ்ல மணி அடிக்கும். வீட்டுக்கு வீடு பேசிக்கிட இண்டர்காம் போனும் உண்டு.

நான் அஞ்சாம் நம்பர். ஆறுல பாத்துமுத்து லாத்தா, அவங்க பேச்சுல லாத்தான்னா அக்கா. மேலப்பாளையத்துக்காரி, நாப்பது வருஷம் பீடி சுத்தி மூணு பிள்ளைகள ஆளாக்குனவ. மகன் சவூதில இருக்கான், மருமக ஊர்ல பெரிய வீட்ல இருக்கா. "ஏன் லாத்தா, அங்க இருக்கலாம்லா"ன்னு ஒருநா கேட்டேன். "மருமவ நல்லவதான் எஸ்தரு, ஆனா எம்புட்டு நாளைக்கு அவள நல்லவளாவே இருக்கச் சொல்ல முடியும்? என் கதவ நானே பூட்டணும், நானே தொறக்கணும்ட்டி, அவ்ளோதான் எனக்கு வேணும்"னா.

அவளுக்கு அந்த இண்டர்காம்னா உயிரு. நடுவுல ஒரு செவுருதான், ஆனாலும் போன்லதான் பேசுவா. சுபுஹு தொழுதுட்டு விடியக்காலைல எனக்கு அடிச்சு "ஏட்டி எஸ்தரு, முழிச்சிட்டியா?"ம்பா. சாயங்காலம் வெளிய நாற்காலி போட்டு உக்காந்தா பேச்சு நிக்காது, பேசும்போதே சேலை முந்தானைய விரல்ல சுருட்டிக்கிட்டே இருப்பா, பீடி சுத்துன கை சும்மா இருக்குமா. நோம்புக்கு எனக்குத் தூக்குவாளில கஞ்சி வரும், கிறிஸ்மஸுக்கு நான் அச்சு முறுக்கு சுட்டா மாவு பிசையிறதுல இருந்து கூட நின்னு குறை சொல்லுவா. எனக்குக் கூடப் பொறந்த அக்கா தங்கச்சி கிடையாது. அறுபத்தெட்டு வயசுல எனக்கு ஒரு அக்கா கிடைச்சான்னுதான் சொல்லணும், அந்த மூணு வருஷம் மாதிரி நான் வாழ்க்கைல சிரிச்சதே இல்ல.

போன ஆனி மாசம் மூச்சுத் திணறுதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, நாலாம் நாள் போயிட்டா. மேலப்பாளையத்துல அடக்கம் பண்ணாங்க. மகன் வந்து சாமானெல்லாம் எடுத்துட்டு வீட்டக் காலி பண்ணிக் குடுத்தான். எனக்கு விடியக்காலைல முழிப்பு வந்தா போனையே பாத்துக்கிட்டுக் கெடப்பேன். மகனுக்கு இது தெரிஞ்சு, இனிமே அங்க தனியா இருக்க வேண்டாம், வண்டி எடுத்துட்டு வாரேன்னுட்டான். எனக்கும் தெம்பு இல்ல, சரின்னுட்டேன்.

அந்த நேரத்துலதான் ஒம்பதாம் நம்பருக்கு ஆறுமுகம் அண்ணாச்சி குடிவந்தாரு. வள்ளியூர் பக்கம், பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. யாரையும் கிட்ட விட மாட்டாரு. பாத்ரூம் கயித்தப் பாத்துட்டு, "இது என்னவே, ஆட்டைக் கட்டுத மாதிரி"ன்னு அதச் சுருட்டி மேல ஆணில மாட்டிட்டாரு. செல்வி எவ்வளவோ சொல்லிப் பாத்தா. "நான் என்ன நோயாளியா? முப்பது வருஷம் மலைப்பாதைல பஸ் ஓட்டுனவன்"னுட்டாரு.

ஒரு சனிக்கிழமை. ராத்திரியெல்லாம் இல்ல, நல்லா வெயில் அடிக்கிற மத்தியானம், ரெண்டு மணி இருக்கும். நான் பெங்களூருக்குப் போகப் பாத்திரத்தயெல்லாம் பழைய பேப்பர்ல சுத்தி அட்டப்பெட்டில வச்சுக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சுது. அதுல சின்னதா ஒரு திரை உண்டு, எந்த வீட்ல இருந்து வருதுன்னு காட்டும். ஆறுன்னு காட்டுச்சு. செல்வி காலி வீட்டக் கூட்டிப் பெருக்குதா போலன்னு நெனச்சுதான் எடுத்தேன், சத்தியமா வேற எந்த நெனப்பும் இல்ல.

"ஏட்டி எஸ்தரு, ஒம்பதுல அந்த மனுசன் விழுந்து கெடக்காரு. பெட்டிய அப்பறம் கட்டு. ஓடு."

லாத்தா குரல். இதுல தூரத்துல இருந்து கேக்குற மாதிரியோ எதிரொலியோ ஒண்ணும் கிடையாது, பக்கத்து வீட்டுக் குரல் எப்படி இருக்குமோ அப்படி. இன்னொரு அதிசயம் என்னன்னா எனக்குப் பயமே வரல. அவ சொன்னா நான் செய்வேன், அப்படியே பழகிப் போச்சு. போன வச்சுட்டு செருப்புகூடப் போடாம ஓடுனேன்.

ஒம்பதாம் நம்பர் உள்ள பூட்டியிருந்தது. அடுப்படி ஜன்னல் வழியா "அண்ணாச்சி, அண்ணாச்சி"ன்னு கூப்பிட்டேன். பைய ஒரு முனகல். கத்துன கத்துல செல்வி மாத்துச் சாவிய எடுத்துட்டு ஓடி வந்தா. பாத்ரூம்ல கெடந்தாரு, மண்டைல ரத்தம் காஞ்சு போயிருந்தது, இடுப்பு அசையல. காலைல குளிக்கப் போனவரு. கண்ணத் திறந்து என்னப் பாத்து, "கயிறு எட்டலம்மா"ன்னாரு. அவ்வளவு வீறாப்பான மனுசன் சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. நான் தரைல உக்காந்து ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கையப் பிடிச்சுக்கிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாராம்.

ஆம்புலன்ஸ் போனபிறகுதான் செல்வி கேட்டா, "எப்படிம்மா உங்களுக்குத் தெரிஞ்சுது? சத்தம் கேட்டுச்சா?"

"ஆறுல இருந்து போன் வந்துச்சே"ன்னேன். சொல்லி முடிச்ச பிறகுதான் எனக்கே உறைச்சுது.

செல்வி என்னக் கூட்டிட்டுப் போனா. ஆறாம் நம்பரத் திறந்து காட்டுனா. வெறும் அறை. தரையெல்லாம் தூசி, ஒரு கால்தடம் இல்ல. செவுத்துல போன் இருந்த இடத்துல ரெண்டு ஒயர் நறுக்கிக் கறுப்பு டேப் சுத்திக் கெடந்தது. போன் ஆபீஸ் பீரோவுல இருக்கு, அதையும் போய்ப் பாத்தேன். மறுநாள் ஒயர்மேன் வந்து என் போனக் கழத்திப் பாத்துட்டு, "ஆறுல ஒயரே இல்லாம இங்க எப்படிம்மா மணி அடிக்கும்?"னான். ஒயர் நனைஞ்சிருக்கும்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நான், இங்க நனையிறதுக்கு ஒயரே இல்ல.

மகன் வந்தான், வெறும் வண்டியோட திருப்பி அனுப்பிட்டேன். நான் இல்லேன்னா அன்னைக்கு அந்தப் போன யாரு எடுத்திருப்பா, சொல்லுங்க. அண்ணாச்சி ஆபரேஷன் முடிஞ்சு வாக்கர் வச்சு நடக்காரு, கயித்த இப்ப தரைய தொடுத அளவுக்கு நீளமா கட்டிருக்காரு. தெனம் காலைல நான் ஒவ்வொரு வீட்டுக்கா போன் அடிச்சு முழிச்சிட்டியளான்னு கேக்கேன்.

இது வரைக்கும் செல்விக்குத் தெரியும், மகனுக்கும் தெரியும். ஒண்ணு மட்டும் யார்ட்டயும் சொன்னதில்ல. லாத்தா ஓடுன்னு சொன்ன பிறகு நான் போன வைக்கிறதுக்குள்ள, அவளுக்குப் பின்னால ஒரு ஆம்பளக் குரல் கேட்டுச்சு. கொஞ்சம் தள்ளி நின்னு பேசுற மாதிரி.

"எஸ்தரா? சாப்பிட்டாளான்னு கேளுங்க."

எங்க வீட்டுக்காரர் குரல். லாத்தா அவர நேர்ல பாத்ததே கிடையாது, நான் இங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே அவரு போயிட்டாரு. குரல நான் தப்பாக் கேட்டேன்னு சொல்லாதீங்க, குரல் கேட்டுத்தான் நான் முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்குனேன்.

அன்னைக்கு அந்நேரம் வரைக்கும் நான் சாப்பிடல.