என்றும் எண்பது காசு

நாகையாவின் வயிற்றெரிச்சல் அத்தனைக்கும் காரணம் எதிர்க்கடை இராமலிங்கம்தான். நாகையா பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கும் சின்ன அச்சகக்காரர். இராமலிங்கம் மதராஸிலிருந்து கப்பலில் புத்தகம் வரவழைத்து விற்பவர். மையில் புரண்டு முதுகொடிவது இவர். நாற்காலியில் உட்கார்ந்தபடி பெட்டியைப் பிரிப்பது அவர். கூட்டம் என்னவோ அங்கேதான். பொறுக்குமா?

மதராஸ் புத்தகத்தில் விலை ரூபாயில் அச்சாகியிருக்கும். ரூபாய் மாற்று எவ்வளவு என்று வட்டிக்கடைச் செட்டியாரிடம் கேட்டு வந்து, நம் ஊர் வெள்ளிப் பணக் கணக்கை இராமலிங்கம் வாசல் பலகையில் எழுதிவைப்பார். நாகையா காலையில் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவார்.

1920இல் ரூபாய் தாறுமாறாக ஏறியது. அறுபது காசுக்கு விற்ற காவடிப் பாட்டுப் புத்தகம் ஒரு வெள்ளியை, அதாவது நூறு காசைத் தாண்டியது. ரயில்வே ஆட்கள் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாகையாவுக்கு ஒரே குஷி.

"இனிமே நம்ம காலம்லா, பவுனு! தைப்பூசத்துக்கு நானே பொஸ்தகம் போடுறேன்," என்றார் மனைவி பவுனம்மாளிடம்.

அவள் காப்பை அடகு வைத்து, யானை விலைக்குக் காகிதம் வாங்கினார். பாட்டெல்லாம் உள்ளூர்ப் புலவர் ஒருவர் புதிதாக எழுதியவை. அச்சும் சும்மா சொல்லக்கூடாது, அத்தனை அழகு. அதோடு நின்றிருக்கலாம். பொறாமை விட்டால்தானே! எதிர்க்கடைப் பலகையைக் குத்திக்காட்ட, அட்டையில் கொட்டை எழுத்தில் அடித்தார்: 'என்றும் எண்பது காசு'.

புத்தகம் தைத்து முடிவதற்குள் ரூபாய் சரிந்தது. பலகையில் மறுபடியும் அறுபது காசு. அந்த விலைக்கு இறங்கினால் நாகையாவுக்குக் காகிதச் செலவுகூடத் தேறாது.

இராமலிங்கம் தெருவைக் கடந்து வந்தார். "அண்ணே, என் கடையில வைங்க. வெல மேல ஒரு சீட்டு ஒட்டி, வந்த வரைக்கும் வித்துடலாம். எனக்குக் கமிஷன் வேணாம்."

"ஒன் பிச்சை எனக்கு வேணாம்யா, போ!"

தைப்பூசம் வந்து போனது. கட்டுகள் அவிழ்க்கப்படாமலே கிடந்தன. வெறுங்கையைப் பார்த்துப் பார்த்துச் சலித்த பவுனம்மாள், ஒரு நாள் அத்தனையையும் எடைக்குப் போட்டு விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், இராமலிங்கம் கடை வாசலில் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். தின்று முடித்தவர் பொட்டலத் தாளை எறியவில்லை. முழங்காலில் வைத்து நீவி, வாய்விட்டு வாசித்தார். பிறகு தெருவே கேட்கும்படி மனதாரக் கூப்பிட்டார்.

"அண்ணே, என்னா பாட்டுண்ணே! மெட்ராஸ்காரன்கூட இப்படி அடிக்க மாட்டான். மிச்சம் ஏதும் இருக்கா?"

நாகையா கதவைச் சாத்தினார். தன் புத்தகத்தை முதன்முதலில் வாசித்தவனும் அவனாகப் போய்விட்டானே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.