சந்தியோகு போட்ட முடிச்சு

பேசாலைச் சந்தியோகு கடலில் ஓடிய காலத்தில் திமிங்கிலங்களே வழிவிட்டு ஒதுங்கி நிற்குமாம். லண்டன் எட்மண்டனில் ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் சனத்துக்கு அவர் அளந்த கதை இது. அப்பேர்ப்பட்டவர், வீட்டு வாடகை ஏறியதும், மனைவியிடம் ஒரு சொல் கேட்காமல் சேமிப்பையெல்லாம் கொட்டி, கால்வாயில் ஓடும் ஒடுங்கிய இரும்புப் படகொன்றை வாங்கிவிட்டார். படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாம் அதற்குள். மேரிசாந்தி பையைத் தூக்கிக்கொண்டு நோர்பரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவர்தான். குளிர்காலம் முடிந்தும் திரும்பவில்லை.

"ஒரு நாள் வந்து பாக்கிறன். சரிவந்தால் நிப்பன். இல்லாட்டி இனி என்னைக் கேக்கப்படாது" என்று போனில் சொன்னார். அந்த நாள் ஒரு சனிக்கிழமை.

மனிதர் விடியவே எழும்பிக் கக்கூசுத் தொட்டியைக் கழுவினார். படகின் அடியில் ஊறியிருந்த தண்ணீரை இறைத்தார். தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியின் தண்டுக்குக் கிரீஸ் ஏற்றி, விசிறியில் சுற்றிக்கிடந்த பிளாஸ்ரிக் பைகளைத் தோள்வரை கையை விட்டு அறுத்தெடுத்தார். லண்டன் சனம் முழுக்க அங்கேதான் பை எறிந்திருக்க வேண்டும். ஒரே கரையில் இரண்டு கிழமைக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். அன்று இடம் மாற வேண்டிய நாளும்கூட.

மேரிசாந்தி வந்து குனிந்து உள்ளே நுழைந்தார்.

"சவப்பெட்டிக்கு ஜன்னல் வைச்ச மாதிரிக் கிடக்கு."

"வெளியில பாரன், அன்னம் நிக்குது."

"அதுக்கு வேற போக்கிடம் இல்லைப்போல."

ஆனாலும் படகு புறப்பட்டு மரங்கள் மெல்லப் பின்னால் போகத் தொடங்கியதும் அவர் முகம் இளகியது. கொண்டையை முடிந்தார். கொண்டுவந்த மீனை எடுத்துக் கழுவினார். "புளி எங்க வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். புளியைத் தேடுகிறவள் போகமாட்டாள் என்று சந்தியோகுவுக்கு உச்சி குளிர்ந்தது.

சற்றுத் தூரத்தில் நீர்க்கதவு. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை விட்டு, கீழ்ப்பக்கம் தண்ணீரைத் திறந்தால், தண்ணீரோடு படகும் இறங்கும். கயிற்றைக் கட்டாதே, கரையில் நட்ட குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து, இறங்க இறங்க விட்டுக்கொடு என்று படகை விற்றவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "கையில பிடிக்கிறது ஆட்டுக் கயிறு" என்று சிரித்தவர் சந்தியோகு. வள்ளத்தைக் கட்டாமல் விட்டவன் பேசாலையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக் கட்டினார். கரையேறித் தண்ணீரைத் திறந்தார்.

தண்ணீர் இறங்கியது. படகு இறங்கவில்லை. கட்டிய பக்கம் கயிற்றில் தொங்க, மறுபக்கம் சரிந்தது. உள்ளே தட்டு, சட்டி, அலுமாரி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "ஐயோ மாதாவே!" என்று மேரிசாந்தி கத்தினார். சந்தியோகு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். பாரம் ஏறிய முடிச்சு இரும்பாகியிருந்தது. பின்னால் முறைக்கு நின்ற படகுக்காரி ஓடிவந்து தண்ணீரை அடைத்தாள். அவள் நீட்டிய கத்தியால் சந்தியோகு கயிறுகளை வெட்ட, படகு தொப்பென்று விழுந்தது. அவர் சுவர் ஏணியால் அதில் இறங்கினார்.

புளிக்கரைசல் வழியும் சட்டையோடு மேரிசாந்தி வெளியே வந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"கட்டக்கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"படகை வித்தவன் சொன்னவன்தான்."

"அப்ப ஏன் கட்டினனீங்கள்?"

"நான் கடலில..."

"கடலை விடுங்கோ! உள்ளுக்கை நிண்டது நான்."

பாசி வழுக்கும் சுவர் ஏணியைப் பிடித்து அவர் கரையேறினார். படகுக்காரி கைகொடுத்து மேலே இழுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரையும் திறந்தாள். படகு இப்போது ஒழுங்காக இறங்கியது. சந்தியோகு ஆழத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். முதலில் மேரிசாந்தியின் சப்பாத்துகள் மறைந்தன. பிறகு முகம் மட்டும் தெரிந்தது.

"சாந்தி, கொஞ்சம் நில். கரையில கட்டிப்போட்டு வாறன்."

"கட்டினது போதும்."

கீழ்க் கதவு திறந்தது. வெளியே எடுக்கச் சொல்லிப் படகுக்காரி கைகாட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு படகும் காத்து நின்றது. சந்தியோகு சுக்கானைப் பிடித்தார். அவர் வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது, படகுக்காரி மேல்பக்கம் நின்ற தன் படகின் கயிற்றைக் குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை.