எல்லாருக்கும் பதில் போடும் தேவமணி அக்கா

தேவமணி அக்காவை மாதிரி ஒரு கூறுகெட்ட நல்ல மனுஷியை நான் பார்த்ததில்லை. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் தயார் செய்து கொடுக்கிற ஆபீசில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த மேஜை. உப்பு லாரி போகிற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி நாள் முழுக்க அதிரும். நான் சாத்தான்குளத்துக்காரி, பெயர் முருகேஸ்வரி, கடைக்காரக் குடும்பம். வாய் கொஞ்சம் நீளம்தான். அவள் நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பெண், கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டும்.

அவளுடைய அப்பா தனராஜ் சார் தலைமை ஆசிரியராக இருந்தவர். அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கடிதம் என்று ஒன்று வந்தால் பதில் போட்டே ஆக வேண்டும். காணிக்கை கேட்டு வருகிற அச்சடித்த நோட்டீசுக்குக்கூட இரண்டு வரி எழுதி அனுப்புவாராம். பதில் போடாமல் விட்டால், அந்த ஆளோடு இனி நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அர்த்தம். அக்கா இந்தப் பழக்கத்தை அப்படியே ஈமெயிலுக்கும் கொண்டுவந்துவிட்டாள். அங்கேதான் சனி பிடித்தது.

அவள் புராட்டஸ்டண்ட் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர். கூட்ட நோட்டீஸ் எல்லாவற்றிலும் தன் ஈமெயில் முகவரியைப் போடுவாள். அந்த நோட்டீசை யாரோ புண்ணியவான் இணையத்தில் ஏற்றிவைத்தார். ஜவுளிக்கடைப் பரிசுக் கூப்பனில் முகவரி கேட்டாலும் அழகான கையெழுத்தில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வருவாள். பிறகு கேட்கவா வேண்டும்? லாட்டரி விழுந்தது, சொட்டைத் தலையில் முடி முளைக்கும், சாகக் கிடக்கிற விதவை தன் தங்கத்தை ஊழியத்துக்குத் தருகிறாள் என்று ஊர்ப்பட்ட குப்பை வந்து விழுந்தது. அத்தனைக்கும் அக்கா பதில் போட்டாள். அந்த விதவைக்கு, "தங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்" என்று எழுதினாள். ஆண்மைக்குறைவு மருந்து விற்கிறவனுக்கு, "தங்கள் பொருள் எங்கள் வீட்டுக்குத் தேவைப்படவில்லை, நன்றி" என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

"கிங்ஸ்டன் அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டியளாக்கா?" என்றேன். கிங்ஸ்டன் அவள் வீட்டுக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

"சீ, போ ளா" என்று வெட்கப்பட்டாள்.

"நீங்க பதில் போடுததுதான் அவனுவளுக்கு அடையாளம். இந்த முகவரியில உசுரோட ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சிட்டா, இன்னும் நூறு பேருக்கு வித்திருவான். பேசாம இதை மூடிட்டுப் புதுசா ஒண்ணு ஆரம்பிங்க. சபைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிடுங்க."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "மாத்த முடியாது ளா. ஜெப்ஸிக்கு இது ஒண்ணுதான் தெரியும்" என்றாள்.

ஜெப்ஸி அவளுடைய தங்கை. வெளிநாட்டில் நர்ஸ். கடற்கரைப் பையன் ஒருத்தனை, கத்தோலிக்கனை, விரும்பிக் கட்டிக்கொண்டாள். தனராஜ் சார் கல்யாணத்துக்குப் போகவில்லை. அப்பா பேச்சைத் தட்ட முடியாமல் அக்காவும் போகவில்லை. கல்யாணம் முடிந்ததும் ஜெப்ஸி அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஊரில் எல்லாருக்கும் பதில் எழுதுகிற மனுஷன் அதற்கு மட்டும் எழுதவில்லை. ஜெப்ஸிக்குப் புரிந்துவிட்டது. அதோடு பேச்சும் நின்றுபோனது. பிறகு சார் இறந்தார், நாசரேத்து வீடு கைமாறியது, போன் நம்பர்களும் ஜெப்ஸியின் முகவரியும் மாறின. மாறாமல் கிடந்தது இந்த ஈமெயில் ஒன்றுதான். ஜெப்ஸி நர்சிங் படித்த காலத்தில் அவளே அக்காவுக்கு ஆரம்பித்துக் கொடுத்தது. என்றைக்காவது மனசு மாறி எழுதினால் இதில்தான் எழுதுவாள் என்று அக்கா அந்தக் குப்பை மேட்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

போன வருஷம் ஒரு கூத்து நடந்தது. "உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது, பாஸ்வேர்டைப் போட்டு உறுதி செய்யுங்கள்" என்று ஒரு மெயில். பெட்டி மூடிவிட்டால் ஜெப்ஸி எழுதுவது வந்து சேராதே என்று பதறிப்போய் அக்கா போட்டுவிட்டாள். மறுநாள் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும், தேவமணி வெளிநாட்டில் மாட்டிக்கொண்டு தவிப்பதாகவும் உடனே உதவச் சொல்லியும் அவள் பெயரிலேயே மெயில் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைப் போதகர் ஐயர் எழுந்து, "சகோதரி தேவமணியிடமிருந்து எது வந்தாலும் நம்ப வேண்டாம்" என்று அறிவித்தார். அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம். கிங்ஸ்டன் அண்ணன் வீட்டுக்கு வந்து குதித்திருக்கிறார்.

"இனிமே தெரியாத பேர்ல என்ன வந்தாலும் திறக்கக் கூடாது. பதில் கிதில் கிடையாது. வந்ததும் அழிச்சிரணும், கேட்டியா?"

அக்கா கேட்டாள். அவள் அப்பா பேச்சையும் இப்படித்தான் கேட்டாள். பாஸ்வேர்டை மாற்றி முகவரியை எப்படியோ மீட்டோம். அதன்பிறகு ஜெப்ஸி தனராஜ் என்ற பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். மற்றதை எல்லாம் ஒரே தட்டில் அழிப்பாள். சரி, ஒருவழியாகத் தேறிவிட்டாள் என்று நானும் நினைத்தேன்.

ஜூலை மாதம் ஒருநாள், டீ குடித்துக்கொண்டே போனைப் பார்த்தவள் என்னிடம் நீட்டினாள்.

"பாரு ளா, ஆபீஸ் மெயில் கெட்டது போதாதுன்னு என் சொந்த மெயிலுக்கும் வாரான்."

அனுப்பியவர் பெயர் ஜே. பர்னாந்து. தலைப்பு, 'அரைவல் நோட்டீஸ்'. கப்பல் வந்து சேரும் தேதியைச் சொல்லுகிற காகிதத்துக்கு அதுதான் பெயர். அதே தலைப்பில் போலி மெயில் அனுப்பி ஆளைக் கவிழ்ப்பது எங்கள் தொழிலில் தினமும் நடக்கிறது. இந்த ஊரில் பர்னாந்துகளுக்கா பஞ்சம்? பில்லில் நாளைக்குப் பத்துத் தடவை அடிக்கிற பெயர். அக்கா அழித்துவிட்டு டீயைக் குடித்து முடித்தாள்.

பனிமய மாதா கோவில் திருவிழா வந்து, கொடி இறங்கி, செப்டம்பரும் ஆனது. ஒரு இறால் கம்பெனிக்காக ஜாக்சன் என்று ஒரு பையன் பேப்பர் வாங்க வந்தான். அக்கா மேஜைமேல் இருந்த பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு நின்றான்.

"நாசரேத்து தனராஜ் சார் மவளாக்கா நீங்க? ஜெப்ஸி மதினி உங்க தங்கச்சிதான? அவிய வீட்டுக்காரர் எனக்குக் கூடப்பொறந்த அண்ணன்."

அக்கா எழுந்துவிட்டாள். "ஜெப்ஸி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காவ. மாதா கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தாவளே, புள்ளையளையும் கூட்டிக்கிட்டு. உங்களுக்கு மெயில் போட்டாவளாம்லா? வந்திருக்கேன், வீட்டுக்கு வரலாமான்னு கேட்டு. பதிலே இல்லன்னு திருவிழா முடியுத வரைக்கும் போனையே பாத்துக்கிட்டு இருந்தாவ."

"எந்தப் பேர்ல போட்டா?"

"அவிய பேர்லதான். ஜெப்ஸி பர்னாந்து, மெயில்ல ஜே. பர்னாந்துன்னு இருக்கும். 'எங்க அக்கா கப்பல் ஆபீசுல இருக்கா, அரைவல் நோட்டீஸ்னு போட்டா சிரிப்பா'ன்னு சிரிச்சிக்கிட்டே அடிச்சாவ. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அட ஆண்டவனே! அக்கா போனை எடுத்துக் குப்பைப் பெட்டியைத் திறந்தாள். அதில் ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் தங்காது. இருந்தாலும் கடைசி வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"நம்பர் தா தம்பி. நான் பேசுதேன்."

ஜாக்சன் தலையைச் சொறிந்தான். "மதினி குடுக்க வேண்டாம்னுட்டாவக்கா. 'எங்க அக்கா முன்னப்பின்ன தெரியாதவனுக்கும் பதில் போடுவா. எனக்குப் போடலன்னா, எங்க அப்பா மாதிரிதான். இனி அவளைத் தொந்தரவு பண்ண மாட்டேன்'னாவ. நான் கேட்டுச் சொல்லுதேன்."

அவன் போன பிறகு அக்கா அழுதாள். நான் அதுவரைக்கும் அவள் அழுது பார்த்ததில்லை. "அந்தக் கடற்கரைப் பேரு பிடிக்கலன்னுதான ளா கல்யாணத்துக்குப் போவல. அது அவ பேரும்தான்னு ஒரு நாளாவது நெனச்சேனா?" என்று கேட்டாள். உலகத்தில் உள்ள திருட்டுப் பயல் அத்தனை பேருக்கும் பதில் போட்ட மனுஷி, கூடப்பிறந்தவளுக்குப் போடவில்லை. எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

ஜாக்சனிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. பர்னாந்து என்ற பெயரில் எது வந்தாலும் மேலே வந்து நிற்கிற மாதிரி போனில் அமைத்துத் தரச் சொன்னாள். செய்து கொடுத்தேன். இப்போது ஊரில் உள்ள பர்னாந்து எல்லாம் வரிசையில் வருகிறார்கள். ஐஸ் கம்பெனிக்காரர், வலை விற்கிறவர், வீட்டுமனை விற்கிறவர். அக்கா ஒன்றையும் அழிப்பதில்லை.

நேற்றும் ஒரு அரைவல் நோட்டீஸ் வந்தது. அதில் போட்டிருந்த பெயரில் கப்பலே கிடையாது.

"அக்கா, இது போலி" என்றேன்.

"தெரியும் ளா. இருந்தாலும் ஒரு தடவை முழுசா படிச்சிக்கிடுதேன்" என்று கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.