அடி விழும் முன்னே கத்திய துண்டு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி ஊரையே கேலி செய்து திரிந்தவன் நான். நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொண்டே கேளுங்கள். ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல்.

எழுபதுகளின் தொடக்கம். அடையாறில் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கையில் எடுத்தால் கனமே தெரியாத மெக்னீசியக் கலவையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டித் தருவார்கள், நாங்கள் உடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்த வேடிக்கையைச் சொன்னால் தீராது. எல்லாம் ஒரே வார்ப்பில் பிறந்தவை. மெதுவாக அழுத்தினால் கிரீச் கிரீச்சென்று முனகிக்கொண்டே வளைந்து வளைந்து கடைசியில்தான் உடையும். அதையே ஊசல்போல் ஆடிவரும் சம்மட்டியால் ஒரே வீச்சில் அடித்தால், வளையவும் நேரமில்லை, கத்தவும் நேரமில்லை, பட்டென்று இரண்டு. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது உலோகத்துக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

அன்று விஜயதசமி. லீவுதான், ஆனாலும் ஒரு துண்டையாவது உடைத்து வேலையைத் தொடங்கிவைப்பது எங்கள் வழக்கம். நானும் என்னோடு வேலை பார்த்த நொச்சிக்குப்பத்துத் தனபாலும் மட்டும் போயிருந்தோம். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். முந்தின நாள் ஆயுதபூஜைக்குச் சம்மட்டி முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தோம். அது சம்மட்டியை மேலே பிடித்து நிறுத்தும் கொக்கிக்குள்ளும் போய்க் காய்ந்து, கொக்கி அரைகுறையாகத்தான் மாட்டும் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சம்மட்டியை ஏற்றி மாட்டினேன். தனபால் ஒரு துண்டை எடுத்து, அடி விழும் இடத்தில் வைக்கக் கையை உள்ளே நீட்டினான். நம்பினால் நம்புங்கள், இன்னும் அடியே படாத அந்தத் துண்டு, அவன் விரலுக்கிடையில் கிரீச்சென்று கத்தியது.

வெடுக்கென்று கையை இழுத்துத் துண்டைக் காதோரம் வைத்தான்.

"இன்னா நைனா, இது கத்திக்கினு கீது?"

"உன் கல்யாணச் சேதி கேட்டிருக்கும்டா."

நான் வாய் மூடவில்லை, சம்மட்டி தானாக விழுந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அவன் கை இருந்த இடம்.

துண்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு தனபால், "இத்த அடிக்காத நைனா. என் கைய காப்பாத்திச்சி" என்றான்.

"அடிக்கலடா. மெதுவா அழுத்திப் பாக்கறேன். சத்தம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிய வேணாமா?"

அழுத்தும் இயந்திரத்தில் வைத்தேன். அதன் உடன்பிறப்புகள் எல்லாம் முனகிய முனகலை நூறு தடவை கேட்ட காதுதான், கிட்டத்தில் கொண்டுபோய் வைத்துக் கேட்டேன். துண்டு மெல்ல வளைந்தது, இன்னும் வளைந்தது, உடைந்தது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு சின்னச் சத்தம் இல்லை.

சம்மட்டி விழுந்ததுகூட இன்று மங்கிவிட்டது. அது வாய் திறக்காமல் வளைந்த வளைவுதான் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.