மாமாவின் காருக்கு ஏலக்காய்

கார் எஞ்சின் ஏப்பம் விடும், ஏலக்காய் கொடுத்தால் அந்த ஏப்பம் மணக்கும் என்று நம்பியவன் நான். நம்பியதோடு நிற்காமல், வீட்டில் இருந்த ஏலக்காயை அள்ளி வந்து துணியில் மூட்டையும் கட்டிக் கொடுத்தேன். பிற்பாடு எனக்குப் பொறியியல் படிக்க இடம் கொடுத்தவர்களுக்கு இது தெரியாது.

பழனிசெட்டிபட்டியில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, தன் பழைய காரில் ஒரு சூப்பர்சார்ஜரை மாட்டியிருந்தார். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் சாமான் அது. கார் பறந்தது. கூடவே எஞ்சினுக்குள் சேரும் ஆயில் புகையும் பெருகி, அது வெளியேறும் ரப்பர் குழாய் வழியே வந்து வண்டிக்குள் மண்டியது. மாமாவுக்கு முதலில் பெண் பார்க்கப் போன வீட்டில் அம்மா இறங்கியதும் வாசல் கோலத்திலேயே வாந்தி எடுத்தாள். சகுனம் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த இடம் கெங்குவார்பட்டி. "ஏலே, இதுவும் தட்டிப்போச்சுன்னா நீ இந்தக் காரையே கட்டிக்க" என்றாள் அம்மா.

மாமா யோசித்தார். "நல்லாத் தின்னா ஏப்பம் வரத்தான மாப்ள செய்யும்?" என்று என்னைக் கேட்டார். ஏலக்காய் வியாபாரம் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஏப்பத்துக்கு மருந்து தெரியாதா? மூட்டையைக் குழாயின் வாயில் திணித்துக் கம்பியால் இறுக்கினோம்.

தேனி தாண்டும்வரை கார் பாயசம்போல மணந்தது. அம்மாவே மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பெரியகுளம் சாலையில் மாமா மிதித்த மிதியில் பஸ்களெல்லாம் பின்னால் போயின. நான் ஜன்னலில் தலையை நீட்டி ஒவ்வொரு டிரைவருக்கும் டாட்டா காட்டினேன். மூட்டை ஆயிலில் ஊறி உப்பிக் குழாயை அடைத்துவிட்டதும், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போனதும் எங்களுக்கு எப்படித் தெரியும்?

பெண் வீட்டு வாசலில் நின்றபோது பானெட்டிலிருந்து புகை. மாமா எஞ்சினை அணைக்காமலே திறந்து, குனிந்து, ஆக்ஸிலரேட்டர் கம்பியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். ஆயில் அளக்கும் கம்பி விசுக்கென்று பிடுங்கிக்கொண்டு பறந்தது. பின்னாலேயே கறுப்பு ஆயில் அவர் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் பீச்சியடித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பெண்ணின் அப்பாவோ மாமாவை விலக்கிவிட்டு பானெட்டுக்குள் தலையை விட்டார். "இது என்ன மாப்பிள்ளை, இங்கன ஒண்ணு கூடுதலா இருக்கு?"

அந்த 'மாப்பிள்ளை' காதில் விழுந்ததும் அம்மா கண்ணைத் திறந்தாள். மாமா முகத்தைக்கூடத் துடைக்காமல் சூப்பர்சார்ஜரை விளக்கினார். விளக்கி முடித்தபோது சம்பந்தமும் முடிந்திருந்தது.

என் ஏலக்காய்தான் அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தது என்று இத்தனை காலம் மார்தட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் அன்றைய மணப்பெண்ணிடமே, அதாவது அத்தையிடமே, சொன்னேன். அத்தை முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

"எங்கப்பா எஞ்சினப் பாத்துச் சரின்னாக. நான் மாப்பிள்ள மொகத்தப் பாக்கணும்னா ஆயிலக் கழுவணும்ல? அவுக கழுவிட்டு வர்றதுக்குள்ள தட்டு மாத்திட்டாக."